லண்டன் போனுக்கு இடமில்லை

இல்லை, நான் கேக்கிறன்... சட்டம் எண்டா அதுக்கொரு மனச்சாட்சி வேண்டாமோ? ஆ, ஆ, தலையை ஆட்டாதேங்கோ தம்பி, கையில கத்தி!

என்ர தங்கச்சி சிவமலரின்ர கடைக்குட்டிக்கு முதலாம் வகுப்புக்கு இடமில்லையாம். எங்க? யாழ்ப்பாணத்தில, நான் படிச்ச அதே பள்ளிக்கூடத்தில! அங்க கொம்பியூட்டர் அறை வாசலில கல்லுப் பதிச்சிருக்கு, லண்டன் பழைய மாணவர் சங்கம் எண்டு. சங்கத்துக்குத் தலைவர் ஆர்? இப்ப உங்களுக்குச் சவரம் எடுக்கிற இந்த ஞானேஸ்வரன்தான்.

பள்ளிக்கூட அதிபர் சொல்லுறார், வீட்டுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் நடுவில வேற பள்ளிக்கூடம் இருந்தா இடத்துக்குப் போடுற புள்ளி வெட்டுப்படுமாம். சுற்றறிக்கையாம். நடுவில கொண்டுபோய்ப் பள்ளிக்கூடம் கட்டினது அஞ்சு வயசுப் பிள்ளையோ?

தும்மப் போறியளோ? பொறுங்கோ... அங்கால திரும்பித் தும்முங்கோ, பன்றிக் காய்ச்சல் காலம்.

இஞ்ச லண்டனில மட்டும் என்ன திறமோ? சேர்ச்சுக்குப் போற ஆக்களின்ர பிள்ளையளுக்குத்தான் சேர்ச் பள்ளிக்கூடத்தில முதல் இடமெண்டு சனம் அங்க முழங்காலில நிக்குது. முன் வரிசை முழுக்க எங்கட சைவப் பழங்கள்!

எல்லாம் அந்த எட்வேட்டால வந்தது. அவனும் எங்கட சங்கத்து ஆள்தான், இஞ்ச ஃபாரஸ்ட் கேட்டில கடை வைச்சிருக்கிறான். அதிபருக்கு ஒரு போன் அடிச்சான், மச்சாளின்ர பெடியன் பள்ளிக்கூடத்துக்கு உள்ளுக்க. எனக்கு வயிறு எரிஞ்சுது. போன வருஷம் ஹரோவில சங்க டின்னர், அதிபர்தான் பிரதம விருந்தினர். மைக்கைப் பிடிச்சன் பாருங்கோ! "லண்டனில இருந்து ஆர் போன் அடிச்சாலும், அது நானே எண்டாலும், இடம் குடுக்காதேங்கோ! ஏழைப் பிள்ளையின்ர கதிரையைப் பறிக்கிறது பாவம்!" கைதட்டு எண்டா அப்பிடியொரு கைதட்டு. எட்வேட்டின்ர முகம்... கருகின தோசை!

வீடியோக்காரனையும் மேடையிலயே ஏத்திவிட்டன், என்ர முகமும் புதுக் கோட்டும் வடிவாய் விழோணுமெல்லோ. டிவிடியை அதிபரின்ர பெட்டிக்குள்ள வைச்சுவிட்டதும் நான்தான்.

இப்ப அந்த இடம் பள்ளிக்கூட வாசலில கச்சான் கடலை விக்கிற மனிசியின்ர பிள்ளைக்காம். ஓம், ஏழைப் பிள்ளைதான். அதுக்கு என்ர மருமகன்ர கதிரையையோ குடுக்கிறது?

கிருதா இவ்வளவு காணுமோ?... சரி.

போன கிழமை சிவமலர் நேரில போனவள். "அண்ணைதான் லண்டனில தலைவர்" எண்டு சொல்லியிருக்கிறாள். அதிபர் எழும்பி, கதிரை போட்டு, தேத்தண்ணி குடுத்து, டிவியில என்ர டிவிடியைப் போட்டவராம். இடம் கேட்டு வாற எல்லாருக்கும் அதைத்தான் காட்டுறவராம்.

பிறகு எனக்குப் போன் எடுத்தாள். ஏசுவாள் எண்டு பாத்தன், ஏசேல்லை.

"அண்ணை, அந்தக் கோட் உங்களுக்கு நல்ல வடிவு" எண்டாள். வைச்சிட்டாள்.