வாடகை பத்தாந் திகதிதான்

இல்லைப் பிள்ளை, முதலாந் திகதி எண்டால் சரிவராது. அதை இப்பவே சொல்லிப்போடுறன். பத்தாந் திகதி எண்டு வையுங்கோ, ஒரு மாசமும் பிந்தாது. இப்ப ஓம் ஓம் எண்டு தலையை ஆட்டிப்போட்டு, பிறகு மாசாமாசம் உங்களுக்கு முன்னாலை பல்லைக் காட்டிக்கொண்டு நிக்க என்னாலை ஏலாது. அந்தப் பழக்கம் எனக்கில்லை.

தேத்தண்ணியைக் குடியுங்கோ, ஆறுது. அதுக்கு நான் காசு குடுத்திட்டன். இஞ்சை பரிசிலை, லா சப்பலிலை, இந்தக் கடையிலைதான் தேத்தண்ணி தேத்தண்ணி மாதிரி இருக்கு. உங்கடை விளம்பரத்தையும் இந்தக் கண்ணாடியிலைதான் பாத்தனான். லெ பிளாங்-மெனிலிலை அறை, குசினி பாவிக்கலாம், மீன் மச்சம் சமைக்கலாம், தாட்சாயினி. பேர் போட்டு எழுதிற ஆக்கள் ஒளிச்சு விளையாட மாட்டினம் எண்டு நினைச்சுத்தான் ரெலிபோன் எடுத்தனான்.

ஓம், எனக்குத்தான் அறை. ஆருக்கும் எடுத்துக் குடுக்கேல்லை. என்ரை மனுசனோ? அவற்ரை கதையைப் பிறகு கதைப்பம். முதல் திகதியை முடிப்பம்.

ஏன் பத்தாந் திகதி எண்டோ? கேளுங்கோ, வீட்டுக்காரி கேக்கத்தானே வேணும். எனக்குப் பென்சன் விழுறது ஒம்பதாந் திகதி. அதான் கதை.

இல்லை, உங்கடை மாமாவுக்கு மாசம் பிறக்க வாறது மற்றது, கொம்ப்ளிமோந்தேர், மேலதிகப் பென்சன். இந்த நாட்டிலை பென்சன் ரெண்டு இருக்கு, பிள்ளை. எங்கடை சனத்துக்கு உது விளங்கிறேல்லை, ரெண்டையும் சேத்துக் குழப்பிப்போட்டுக் கந்தோரைத் திட்டிக்கொண்டிருப்பினம். அந்தச் சின்னது மாசத் துவக்கத்திலை வரும், அந்த மாசத்துக்கே வரும். எனக்கு அது கறிவேப்பிலை வாங்கத்தான் காணும். பெரியது, அரசாங்கத்தின்ரை பென்சன், மாசம் முடிஞ்சாப் பிறகுதான். ஏப்ரல் மாசத்துக் காசு மே ஒம்பதிலை விழும். மாசத்தை முதல் இருந்து முடிச்சுக் காட்டோணும், பிறகுதான் தருவாங்கள். ஒம்பது சனி ஞாயிறிலை வந்தால் முன்னைப் பின்னை ஆகும், அப்ப ரெலிபோன் எடுத்துச் சொல்லுவன். சொல்லாமல் இருக்க மாட்டன்.

உவ்வளவும் எப்பிடித் தெரியுமெண்டோ? படிச்சே தெரிஞ்சனான்? பட்டுத் தெரிஞ்சனான்.

நான் ஸ்டாலின்கிராட் மெற்றோப் பக்கம் ஒரு கொம்பனியிலை துப்பரவு வேலை. விடியமுன்னம் செவ்ரானிலை ட்ரெயின் ஏறினால், அவங்கள் கோட்டுப் போட்டுக்கொண்டு வரேக்கை நான் எல்லாம் கூட்டித் துடைச்சு முடிச்சிருப்பன். முழங்கால் தேயும்வரைக்கும் செய்தன். காணும் எண்டு நினைச்சன். பெப்ரவரியோடை நிக்கிறன் எண்டு கடிதம் குடுத்து, பென்சன் போமிலை மார்ச் ஒண்டு எண்டு என்ரை கையாலை எழுதினன். எழுதி மேசையிலை வைச்சிட்டுக் குளிக்கப் போனன். அதுதான் நான் விட்ட பிழை.

குளிச்சிட்டு வந்து பாத்தால், இவர் கலண்டரைக் கழட்டி வைச்சுப் பாத்துக்கொண்டிருக்கிறார். இஞ்சை கடையளிலை தைப்பொங்கலுக்குத் தாறாங்களே, நல்லநேரம் ராகுகாலம் எல்லாம் போட்ட கலண்டர், அது. மார்ச் ஒண்டு அட்டமியாம். முதல் பென்சன், லட்சுமி வாற காரியம், அட்டமியிலை துவங்கினால் துலங்குமோ எண்டு கேட்டார். கேட்டதெங்கை, ஒண்டை வெட்டி ரெண்டு எண்டு போட்டு முடிஞ்சுது. நான் சொன்னனான் பிள்ளை, பிரெஞ்சுக்காரனுக்கு அட்டமி நவமி இல்லையப்பா, முதலாந் திகதியைத் திருப்பிப் போடுங்கோ எண்டு. உனக்கென்ன தெரியும் எண்டார். அவர் கோயில் நிர்வாகத்திலை இருக்கிற ஆள். தவரத்தினம் எண்டால் தெரியாத ஆக்கள் இல்லை. அவரே கொண்டுபோய்ப் போஸ்ற் பண்ணினார், அதுவும் நல்லநேரம் பாத்து.

சிரியுங்கோ, சிரியுங்கோ. நானும் இப்ப சிரிக்கிறன்.

பிறகுதான் தெரிஞ்சுது, இஞ்சை பென்சன் மாசத்தின்ரை முதலாந் திகதியிலை மட்டுந்தான் துவங்கும். இடையிலை துவங்காது. ரெண்டு எண்டு எழுதினால், அடுத்த மாசம் முதலாந் திகதிக்குத் தள்ளிப்போடும். ஒரு நாளுக்குப் பயந்து ஒரு மாசம் போச்சு. மார்ச்சிலை பென்சன் இல்லை. ஏப்ரலிலை துவங்கும், ஆனால் ஏப்ரலின்ரை காசு மேயிலை. வேலையும் விட்டாச்சு. அந்த இடைக்காலத்திலை நான் ஒண்டுமில்லாத ஆள்.

பென்சன் கந்தோரிலை என்னோடை கதைச்ச பிள்ளை ஆலீஸ் எண்டு, தங்கமான பிள்ளை. மடாம், இந்த ரெண்டாந் திகதி ஏன் போட்டனீங்கள், ஏதும் விசேசமோ எண்டு கேட்டாள். எனக்கு அட்டமிக்குப் பிரெஞ்சு வரேல்லை. லா லூன், லா லூன் எண்டு சொல்லி மேலை கையைக் காட்டினன், சந்திரனாலை எண்டு. அவள் பாவம், யன்னலாலை எட்டிப் பாத்தாள். பிறகு எல்லாத்தையும் ஆறுதலாய் எழுதிக் காட்டி விளங்கப்படுத்தினாள். முடிஞ்ச மாசத்துக்குத் திரும்பிப் போகேலாதாம். அவளிலை பிழை சொல்லேலாது, கந்தோரிலையும் பிழை சொல்லேலாது.

இல்லைப் பிள்ளை, அந்த ஒரு மாசத்துக்காக நான் கோவிக்கேல்லை. மனுசருக்குப் பிழை வரும். கதை அதுக்குப் பிறகுதான்.

வேலையிடத்திலை ட்ரெயின் பாசுக்கு, நவிகோவுக்கு, பாதிக் காசு தாறவங்கள். வேலை நிண்டோடனை அதுவும் நிண்டுது. மார்ச் பிறக்க இவரைக் கேட்டன், வங்கிக் காட்டைத் தாங்கோ, நவிகோ போடோணும் எண்டு. ஓம், காட் அவரிட்டைத்தான். வங்கிக் கணக்கு ரெண்டு பேற்ரை பேரிலும், காட் மட்டும் அவற்ரை பொக்கற்றிலை. என்ரை சம்பளம் முழுக்க அதுக்குள்ளைதான் விழுந்தது. நான் ஒருநாளும் கணக்குக் கேக்கேல்லை. உழைக்கிறன், வீடு நடக்குது, பேந்தென்ன எண்டு இருந்திட்டன். அண்டைக்கு அவர் ரீவியிலை இருந்து தலையைத் திருப்பாமல் கேட்டார், வேலையில்லாத ஆளுக்கு என்னத்துக்கு நவிகோ எண்டு.

அப்பிடியேதான் கேட்டார். ஒரு சொல் கூட்டிச் சொல்லேல்லை நான்.

பென்சனில்லாமல் ஆக்கினது ஆர்? அந்த ரெண்டைப் போட்டது ஆர்? நான் ட்ரெயினிலை தூங்கித் தூங்கி உழைச்ச காசிலை ஒரு நவிகோ போட, நான் காரணம் சொல்லோணுமாம். அதே மாசம் கோயில் திருவிழாவிலை ஒரு நாள் உபயம் எங்கடை. நோட்டீசிலை கொட்டை எழுத்திலை, உபயம் தவரத்தினம் குடும்பம். குடும்பம் எண்ட அந்தக் கடைசிச் சொல்லுக்குள்ளைதான் நான் இருக்கிறன், தேடிப் பாத்தால் தெரியும். ஐயர் முதல் மரியாதையெண்டு காளாஞ்சித் தட்டை அவற்ரை கையிலை குடுத்தார். நான் பின்னுக்கு நிண்டு கும்பிட்டன். சாமியைக் கும்பிட்டனோ, என்ரை சம்பளத்தைக் கும்பிட்டனோ தெரியாது.

மகளுக்குச் சொன்னனான். ஹரிப்பிரியா, லியோனிலை இருக்கிறாள். அவள் பிரெஞ்சிலைதான் மறுமொழி சொல்லுவாள். அது உன்ரை காசு, உன்ரை பேரிலை கணக்குத் திற எண்டாள். ரெண்டு சொல்லிலை முடிச்சிட்டாள். எனக்கு அந்த ரெண்டு சொல்லும் இவ்வளவு காலமும் வாயிலை வரேல்லை.

திறந்தனான். செவ்ரான் போஸ்ற் ஒப்பீஸ் வங்கிக்கு நடந்து போனனான். நடக்கிறதுக்கு நவிகோ தேவையில்லைத்தானே? முழங்கால் நொந்தது, நோகட்டும் எண்டு போனன். என்ரை பேர் மட்டும், சிவனேஸ்வரி, வேறை ஒருத்தரும் இல்லை. அந்தக் கணக்கு நம்பரைக் கொண்டுபோய் ஆலீஸிட்டைக் குடுத்து, பழைய நம்பரை எடுத்துப்போட்டு இதைப் போடு பிள்ளை எண்டு சொல்லிப்போட்டு வந்தன். இந்த முறை லா லூனும் கேக்கேல்லை, கலண்டரும் பாக்கேல்லை.

மே ஒம்பதும் வந்துது. காலமை என்ரை புதுக் காட்டைப் போட்டுப் பாத்தன், கிடக்குது. அந்த மெசினுக்கு முன்னாலை நிண்டு அழுதனான், வெக்கமில்லை சொல்ல. அழுதிட்டு நேரை போய் நவிகோ எடுத்தன். வயசுபோன ஆக்களின்ரை பாதி விலை நவிகோ. எடுத்துப்போட்டு ஒரு அலுவலும் இல்லாமல் இஞ்சை வந்து, உந்தப் பாலத்துக்குக் கீழை நடந்து, ஒரு தேத்தண்ணி குடிச்சிட்டுத் திரும்பிப் போனன்.

அவரோ? அவர் எங்கடை பழைய கணக்கைத் தட்டித் தட்டிப் பாக்கிறார், ஒண்டும் விழேல்லை. முதல் பென்சன் எண்டால் பிரெஞ்சுக்காரன் இழுத்தடிப்பான் எண்டு கோயில் முழுக்கச் சொல்லித் திரியிறார். நான் பொய் சொல்லேல்லை பிள்ளை. என்னட்டை அவர் ஒருக்காலும் கேக்கேல்லையே. கேட்டிருந்தால் சொல்லியிருப்பன். ஜூன் ஒம்பதும் வந்திட்டுது, இன்னும் கேக்கேல்லை.

சனம் என்ன சொல்லுமெண்டோ? உந்தச் சனமோ எனக்கு நவிகோ போட்டது? கதைக்கட்டும். லா சப்பலிலை ஆற்ரை கதை கதைபடாமல் இருக்கு? ரெண்டு கிழமை என்ரை கதை, பிறகு வேறை ஆரும் மாட்டுப்படுவினம்.

அடிக்கிறவரோ எண்டோ? இல்லைப் பிள்ளை. குடியும் இல்லை, அடியும் இல்லை. எல்லாரும் அதைத்தான் கேப்பினம், நீங்களும் கேட்டிட்டியள். அடிச்சிருந்தால் உங்களுக்குக் காரணம் காணும், என்ன? எனக்கு இவ்வளவும் காணும்.

மகளிட்டைப் போறதுக்கென்ன எண்டு கேக்கிறியள். போனால் வைச்சுப் பாப்பாள். மருமோன்ரை வீட்டிலை குளிர்பெட்டி திறக்கிறதுக்கும் ஒருக்கால் யோசிக்கோணும். இவ்வளவு வயசுக்குப் பிறகு எனக்கு ஒருத்தற்ரை முகத்தையும் பாத்துக் குளிர்பெட்டி திறக்கேலாது. என்ரை வாடகை, என்ரை கதவு. அதுதான் அறை தேடினது.

சொல்லுங்கோ இப்ப. பத்தாந் திகதி சரியோ, சரியில்லையோ? சரியில்லை எண்டால் கோவமில்லை, தேத்தண்ணி குடிச்ச கடனோடை எழும்பிப் போகலாம்.

சரியோ? மனசாரத்தான் சொல்லுறியளோ? அப்ப இந்த மாச வாடகையை இப்பவே பிடியுங்கோ. எண்ணுங்கோ. எண்ணாமல் வாங்கக் கூடாது.

எப்ப வாறனெண்டோ? இண்டைக்கு. இப்ப, உங்களோடைதான்.

என்ன அப்பிடிப் பாக்கிறியள்? உந்த இழுவைப் பைக்குள்ளை இருக்கிறது மரக்கறி இல்லைப் பிள்ளை. என்ரை உடுப்பு, மருந்து, பாஸ்போட். காலமை அவர் கோயில் கூட்டத்துக்கு வெளிக்கிட, நானும் வெளிக்கிட்டனான். மத்தியானத்துக்குச் சமைச்சு மூடி வைச்சு, பக்கத்திலை வீட்டைப் பூட்டித் திறக்கிற என்ரை திறப்பையும் வைச்சிட்டு வந்திட்டன். இரவுக்கு எங்கை போறதெண்டு உங்கடை கதவைத் தவிர எனக்கு வேறை தெரியாது.

வந்தோடனை ஏன் சொல்லேல்லை எண்டோ? சொல்லியிருந்தால் நீங்கள் பாவம் பாத்துத் தந்திருப்பியள். நல்ல மனசு, முகத்திலை தெரியுது. பாவம் பாத்துத் தந்த அறையிலை நான் என்னெண்டு திகதி பேசிறது? இப்ப பேசி முடிச்சாச்சு. எழும்புங்கோ, போவம். பையை விடுங்கோ பிள்ளை, நானே இழுப்பன்.