வசந்தன் அணைக்காத கற்பூரம்

பெயர்: பேச்சியம்மாள் த/பெ சின்னத்தம்பி.
வயது: 51.
தொழில்: மின்னணுப் பொருள் தொழிற்சாலையில் லைன் லீடர்.
முகவரி: தாமான் மெலூர், கூலாய், ஜொகூர்.
கணவர் பெயர்: ஹேமநாதன்.
பதிவு செய்பவர்: போலீஸ் சார்ஜன் சுகுமாறன்.

எனக்கு நன்றாக விளங்கும் மொழி தமிழ். நான் சொல்லச் சொல்ல சார்ஜன் தமிழிலேயே எழுதுகிறார். மலாய் மொழிக்குப் பிறகு மாற்றப்படும் என்று சொன்னார். மாற்றும்போது என் கோபத்தை எடுத்துவிட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன், அதையும் எழுதச் சொன்னேன்.

பண்டார் தெங்காராவில் இருக்கும் வசந்தன் என்பவருடைய வீட்டுக்குப் போய் ஒரு மோட்டார் சைக்கிளுக்கு நான் தீ வைத்ததாகப் புகார் வந்திருப்பதாக எனக்குச் சொல்லப்பட்டது. நடந்ததை முதலிலிருந்து சொல்கிறேன்.

என் கணவர் சிங்கப்பூரில் ஒரு கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறார். தினமும் விடிவதற்கு முன் தன்னுடைய சின்ன கப்சாய் மோட்டாரில் பாலம் தாண்டிப் போய் வருகிறார். சில வருடங்களுக்கு முன் வேலை முடிந்து வரும்போது ஒரு லாரி அவரை இடித்துத் தள்ளியது. இடது காலில் இன்னும் கம்பி இருக்கிறது. அவர் எழுந்து நடக்கும் வரை அவரைத் தூக்கி உட்கார வைத்ததும் குளிப்பாட்டியதும் நான்தான். அந்தக் கட்டிலில் சாய்ந்துகொண்டுதான் அவர் ஃபோனில் பெரிய மோட்டார்களைப் பார்க்க ஆரம்பித்தார். மண் ரோட்டிலும் மலையிலும் போகும், இரண்டு பக்கமும் பெட்டி மாட்டி நாடு விட்டு நாடு ஓட்டும் அட்வென்சர் டூரிங் வகை. “இது வேலைக்கு இல்ல பேச்சி. வேலைக்குத்தான் கப்சாய் இருக்கே. இது ரெண்டாவது மோட்டார், லீவு நாள்ல மட்டும். தாய்லாந்து வரைக்கும் போலாம்,” என்றார். அதன் சீட்டு உங்கள் இடுப்பு உயரத்துக்கு இருக்கிறதே, கம்பி போட்ட காலை எப்படித் தரையில் ஊன்றுவீர்கள் என்று கேட்டேன். வாங்க மாட்டேன் என்று சொன்னார். நானும் நம்பினேன்.

அதன் பிறகு அவர் எனக்குத் தெரியாமல் அந்த மோட்டாரைத் தன் பெயரிலேயே வாங்கினார். அப்போது எனக்கு இது தெரியாது. வரிசை தப்பாமல் இருக்க இங்கே சொல்கிறேன். சுவரோடு சுவர் ஒட்டிய எங்கள் லிங்க் வீட்டில் ஒரு மிதிவண்டியைக்கூட ஒளித்து வைக்க முடியாது. ஆகவே அதை வசந்தன் வீட்டில் விட்டு வைத்தார். வசந்தன் முன்பு அதே கிடங்கில் என் கணவருடன் வேலை செய்தவர். என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவார். என் கையால் எத்தனையோ முறை சாப்பிட்டிருக்கிறார். என் மகள் லோஷினியின் கல்யாணத்தில் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பந்தி பரிமாறியவர். அந்த நன்றியையும் சேர்த்துத்தான் இந்தக் கோபம்.

அதன் பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை என் கணவர் ஓவர்டைம் என்று சொல்லிவிட்டுப் போனார். அன்று மாலை வசந்தனின் மனைவி பிரவீனா தன் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் மெர்சிங் படகுத்துறைப் படங்களைப் போட்டிருந்தாள். ஒரு படத்தில் பெரிய மோட்டார் ஒன்றின் மேல் என் கணவர் உட்கார்ந்திருந்தார். ஒரு கால் மட்டும் விரல் நுனியில் தரையைத் தொட்டுக்கொண்டிருந்தது. முகத்தில் அப்படி ஒரு சிரிப்பு. அந்தச் சிரிப்பை நான் வீட்டில் பார்த்து ரொம்ப நாளாகிவிட்டது. அவர் வந்ததும் படத்தைக் காட்டிக் கேட்டேன். “அது வசந்தனோட மோட்டார். சும்மா உக்காந்து பாத்தேன்,” என்றார்.

நான் நம்பவில்லை. எங்கள் தோட்டத்து ஆட்களிடம் ஒரு பழக்கம் உண்டு. பேசித் தீராத விஷயத்தை முனீஸ்வரர் முன்னால் கற்பூரம் ஏற்றி, அதைக் கையால் அடித்து அணைத்துச் சத்தியம் செய்து தீர்ப்போம். கோழி காணாமல் போனாலும் அப்படித்தான். பொய்ச் சத்தியம் செய்தால் குடும்பம் விளங்காது என்பது எங்கள் நம்பிக்கை. சார்ஜனுக்கு இது தெரியும். மலாயில் படிக்கப் போகிறவருக்காகச் சொல்கிறேன்.

மறுநாள் மாலை எங்கள் தாமான் குடியிருப்புக்குப் பின்னால் செம்பனைத் தோட்டத்து ஓரம் இருக்கும் முனீஸ்வரர் கோயிலுக்கு அவரைக் கூட்டிக்கொண்டு போனேன். கற்பூரத்தை நானே ஏற்றினேன். அவர், “இந்த மோட்டார் வசந்தனோடது. எம் மக லோஷினி மேல சத்தியம்,” என்று சொல்லிக் கற்பூரத்தை அணைத்தார். மகள் பெயரைச் சொல்லும்படி நான் கேட்கவில்லை. அவராகவே இழுத்தார். பிள்ளையை வைத்துச் சொன்னதால் மெய்யாகத்தான் இருக்கும் என்று நான் வாயை மூடிக்கொண்டேன். பெற்ற பிள்ளையை ஒரு இரும்புச் சாமானுக்கு முன்னால் பிடித்துத் தள்ளுவார் என்று எந்த மனைவி நினைப்பாள்?

அதன் பிறகு லோஷினி உண்டானாள். அவள் தன் கணவர் ரூபேந்திரனுடன் லாபிஸில் இருக்கிறாள். தலைப்பிரசவம். போன வாரம் அவளுக்கு ரத்த அழுத்தம் ஏறி, முகமும் காலும் வீங்கி, சிகாமட்டில் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். நானும் என் கணவரும் காரில் போனோம். முதல் பிரசவத்தில் சிலருக்கு இப்படி வருவது உண்டு, கவனமாகப் பார்த்துக்கொள்கிறோம் என்று டாக்டர் சொன்னார். என் கணவர் காதில் அது ஏறவில்லை. வார்டுக்கு வெளியே நின்று சுவரில் தலையை முட்டி அழுதார். “நாந்தான் பேச்சி, நாந்தான். பொய்ச் சத்தியம் பண்ணிட்டேன். அது என்னோட மோட்டார்,” என்றார். ஆஸ்பத்திரி என்பதால் நான் சத்தம் போடவில்லை. மகளுக்காக வாங்கிய மைலோ பானப் பொட்டலம் கையில் இருந்தது. அது நசுங்கி உடைந்து என் பஞ்சாபி சூட் எல்லாம் ஊற்றிவிட்டது.

அதன் பிறகு அவர் வசந்தனுக்கு ஃபோன் போட்டார். திருடனுக்குத் தேள் கொட்டினதுபோல் இத்தனை நாள் வாய் திறக்காமல் இருந்தவர், அப்போது என்ன செய்வது என்று வசந்தனிடம் போய்க் கேட்டார். ஸ்பீக்கரில் போடச் சொன்னேன். நான் பக்கத்தில் இருப்பது வசந்தனுக்குத் தெரியாது. வசந்தன் சொன்னதை அப்படியே சொல்கிறேன். “அண்ணே, சாமிகிட்ட சொன்னத திருப்பி எடுக்க முடியாது லா. ஒரே வழிதான் இருக்கு. மோட்டார எம் பேருக்கு மாத்திக் குடுத்துடுங்க. அப்ப நீங்க சொன்னது மெய்யாயிடும். லோஷினிக்கும் ஒண்ணும் ஆவாது. சீக்கிரம் செய்ங்கண்ணே, புள்ள உசிரு.” என் கணவர் ஃபோனுக்கு முன்னால் தலையை ஆட்டிக்கொண்டிருந்தார்.

இந்த இடத்திலிருந்து வசந்தனுக்கு மரியாதை கொடுத்துப் பேச என்னால் முடியவில்லை. சார்ஜன் அப்படியே எழுதலாம்.

எரிகிற வீட்டில் பிடுங்கியது ஆதாயம் என்பார்கள். அவன் பிடுங்கப் பார்த்தது என் மகள் வயிற்றைக் காட்டி. அந்த மோட்டார் எனக்கு வேண்டாம். அது மெர்சிங் கடலில் விழுந்தாலும் நான் எட்டிப் பார்க்க மாட்டேன். ஆனால் என் பிள்ளையின் உயிரைச் சொல்லிப் பயமுறுத்தி ஒருவன் அதில் ஏறி ஊர் சுற்றுவதைப் பார்த்துக்கொண்டு இருக்க மாட்டேன்.

அதன் பிறகு மகளுக்குத் துணி எடுத்து வருவதாகச் சொல்லிவிட்டு நான் மட்டும் காரில் கூலாய்க்கு வந்தேன். துணியை எடுத்தேன். சாமி மேடையிலிருந்து பித்தளைத் தட்டையும் கற்பூர டப்பாவையும் தீப்பெட்டியையும் எடுத்தேன். அங்கிருந்து பண்டார் தெங்காராவுக்குப் போனேன். வசந்தன் வீட்டு கேட் திறந்திருந்தது. நான் கேட்டை உடைத்ததாக அவன் சொன்னது பொய்.

வசந்தன் கார் நிறுத்தும் இடத்தில் மோட்டாரைத் துடைத்துக்கொண்டிருந்தான். சங்கிலிக்கு மண்ணெண்ணெய் போட்டுத் தேய்த்த துணி சீட்டின் பின்னால் கிடந்தது. வாடை அடித்தது. பக்கப் பெட்டியில் பெரிய எழுத்தில் அவன் பெயரும் ரத்த வகையும் ஸ்டிக்கராக ஒட்டியிருந்தது. பெயர் மாற்றுவதற்கு முன்பே பெயர் ஒட்டியாகிவிட்டது.

“வாங்கக்கா, லோஷினி எப்படி இருக்கா?” என்று கேட்டான். நான் தட்டை மோட்டார் சீட்டின் மேல் வைத்துக் கற்பூரத்தை ஏற்றினேன். “இந்த மோட்டார் உன்னோடதுதானே வசந்தா? உன் புள்ளைங்க பேரச் சொல்லி அணை. அணைச்சிட்டா இன்னைக்கே பேர மாத்தித் தரச் சொல்றேன். நானே கையப் புடிச்சுக் கூட்டிட்டு வர்றேன்,” என்றேன்.

அவன் சிரித்தான். “அலமாக், என்னக்கா இது, விளையாடாதீங்க லா,” என்றான். அதற்குள் பிரவீனா உள்ளிருந்து ஓடி வந்தாள். அவன் கையைப் பிடித்துக்கொண்டு, “எம் புள்ளைங்க பேர எடுத்தீங்கன்னா நான் இந்த வீட்டுலயே இருக்க மாட்டேன்,” என்று கத்தினாள். அவள் அழுகையைப் பார்த்து எனக்கு இரக்கம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. உன் பிள்ளை என்றால் பிள்ளை, என் பிள்ளை என்றால் மோட்டாருக்கு அடமானமா என்று அவளிடம் கேட்டேன்.

நான் மறுபடியும், “அணைடா,” என்றேன். அதன் பிறகு வசந்தன், “போங்கக்கா, எடுத்துட்டுப் போங்க,” என்று சொல்லிக் கையை வீசினான். கை தட்டில் பட்டது. தட்டு சரிந்து, எரிந்துகொண்டிருந்த கற்பூரம் அந்த மண்ணெண்ணெய்த் துணியில் விழுந்தது. குப்பென்று பிடித்தது. சீட்டும் ஒரு பக்கப் பெட்டியும் எரிந்தன. பெட்டியில் இருந்த பெயர் சுருண்டு கருகியது. வசந்தன் வீட்டுக்குள் ஓடினான். குழாயை இழுத்து வந்து தண்ணீர் அடித்து அணைத்தவள் பிரவீனாதான்.

அதன் பிறகு நான் துணிப் பையை எடுத்துக்கொண்டு சிகாமட்டுக்குப் போய்விட்டேன். தட்டு அங்கேயே கிடக்கிறது. அது என் அம்மா வீட்டுச் சீதனம், எனக்குத் திரும்ப வேண்டும்.

சார்ஜன் கேட்ட கேள்விகளுக்குக் கீழ்க்கண்டபடி பதில் சொன்னேன்.

கேள்வி: மோட்டாரை எரிக்கும் எண்ணத்தோடு போனீர்களா?

பதில்: இல்லை. அவன் வாயைத் திறக்க வைக்கப் போனேன். எரிக்க வேண்டும் என்றால் கற்பூரம் எதற்கு, வழியெல்லாம் பெட்ரோல் நிலையம் இருக்கிறது.

கேள்வி: தீ பிடித்தபோது அணைக்க முயன்றீர்களா?

பதில்: இல்லை. நின்று பார்த்தேன். வருத்தம் வரவில்லை. அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

கேள்வி: வசந்தன் முதலில் தன்னுடைய மோட்டாரை நீங்கள் எரித்ததாகப் புகார் கொடுத்தார். பதிவு யார் பெயரில் இருக்கிறது என்று கேட்டதும், அது நண்பருடையது, தான் பார்த்துக்கொள்ள மட்டும் வைத்திருப்பதாக மாற்றிச் சொன்னார். இதைப் பற்றி என்ன சொல்கிறீர்கள்?

பதில்: சாமிக்கு முன்னால் வராத வார்த்தை போலீசுக்கு முன்னால் ஒரே மதியத்தில் வந்துவிட்டது. வேறு என்ன சொல்ல?

கேள்வி: உங்கள் கணவரை அழைத்து மோட்டார் யாருடையது என்று கேட்டோம். அவர் பதில் சொல்ல மறுக்கிறார். காரணம் தெரியுமா?

பதில்: தெரியும். ஆஸ்பத்திரியில் என்னிடம் அழுதது வேறு, தன்னுடையது என்று இங்கே பதிவாகும்படி சொன்னால் சத்தியம் உடைந்துவிடும், மகளுக்கு ஏதாவது ஆகிவிடும் என்று பயப்படுகிறார். வெளியே பெஞ்சில் உட்கார்ந்து தரையைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். எனக்கு அவர் மேல் இருக்கும் கோபம் இன்னும் தீரவில்லை, வீட்டுக்குப் போய் வைத்துக்கொள்கிறேன். ஆனால் அவருடைய பயம் நடிப்பு இல்லை. எனக்கும் அந்தப் பயம் இருக்கிறது. டாக்டர் சொன்னதையும் நம்புகிறேன், முனீஸ்வரரையும் நம்புகிறேன். என் மகள் இந்த நேரம் வரை வார்டில்தான் இருக்கிறாள். காலையில் அழுத்தம் கொஞ்சம் இறங்கியிருக்கிறது என்று ரூபேந்திரன் ஃபோனில் சொன்னார். கொஞ்சம்தான்.

கேள்வி: அப்படியானால் அந்த மோட்டார் யாருடையது?

பதில்: என் கணவர் ஹேமநாதனுடையது. அவர் சொல்ல வேண்டாம், அவரைத் திரும்பக் கூப்பிட்டுக் கேட்கவும் வேண்டாம். அவர் சத்தியம் செய்தவர். நான் எந்தச் சத்தியமும் செய்யவில்லை, அதனால் நான் சொல்கிறேன். கற்பூரத்தை அன்று ஏற்றியதும் நான்தான், கோயிலுக்கு இழுத்துப் போனதும் நான்தான். இதைச் சொன்னதால் பாவம் ஏதாவது வருமென்றால் சொன்ன வாய் என்னுடையது, என்னிடம் வரட்டும். என் மகள் பக்கம் போக வேண்டாம்.

சார்ஜன் எழுதியதை எனக்கு நிறுத்தி நிறுத்திப் படித்துக் காட்டினார். இரண்டு இடத்தில் என் வார்த்தையை மென்மையாக்கியிருந்தார், நான் சொன்னபடியே திருத்தி எழுதினார். என்னை யாரும் மிரட்டவில்லை, ஆசை காட்டவில்லை. இதில் பொய் ஒன்றும் இல்லை. இது மெய் என்று சொல்ல நான் யார் தலையையும் தொடவில்லை, எந்தப் பிள்ளையின் பெயரையும் இழுக்கவில்லை. கீழே இருப்பது என் கையெழுத்து மட்டும்.

(ஒப்பம்)
பேச்சியம்மாள்