போணிக்கு ஒரு டாக்டர்

– ஒரு கைக்குட்டையாவது எடுத்துக்கிட்டுப் போம்மா! காசு கூட வேணாம், சும்மா கையால தொட்டு எடு. கடை தொறந்ததும் வந்த மொத ஆளு வெறுங்கையோட படியிறங்கினா நான் பொழைக்கிறதா, சாகுறதா?

– அது இருக்கட்டும் மொதலாளி. டாக்டர் வந்தாச்சா?

– முருகா! நேத்து வந்தவளும் இதைத்தான் கேட்டா. முந்தாநேத்து வந்தவளும் இதைத்தான் கேட்டா. இது துணிக்கடைம்மா. மல்லு இருக்கு, சீட்டி இருக்கு, கைலி இருக்கு. டாக்டரை நான் எந்த அலமாரியில மடிச்சு வெச்சிருக்கேன்?

– துணிக்கு எந்தக் கடைக்கும் போவலாம். பிரிக்பீல்ட்ஸ்ல சர்க்கார் சபை மெம்பர் உக்காந்திருக்கிற கடை இது ஒண்ணுதானே.

– நீ யாரு, நேத்து வந்தவளுக்கு அக்காவா?

– எதிர் வீடு. என் பேரு மகதலேனா. ரயில்வே பட்டறையில பாய்லர் வேலை பாக்குற மாரிஸோட பொண்டாட்டி. நாளைக்கு வரப் போறவ பேரையும் இப்பவே சொல்லிடட்டுமா?

– வேணாம் தாயே. பாய்! சனாவுல்லா பாய்! அந்த ரொட்டிக் கல்லை விட்டுட்டுக் கொஞ்சம் இங்க வாங்க. இந்த அநியாயத்தை நீங்களே பாருங்க!

– வந்துட்டேன் மெம்பரே. நீங்க கூப்பிடாட்டியும் வந்திருப்பேன், கேட்டியளா. பாசார் சந்தைப் பக்கம் நாடகம் போட்டா டிக்கெட்டு வாங்கணும். இங்க ஒரு வாரமா காலங்காத்தால ஓசியில நடக்குது.

– சிரிங்க, சிரிங்க. நீங்களும் கல்லாவுல உக்காருற ஆளு. மொத கை எப்படியோ, பொழுது பூரா அப்படித்தான்னு உங்களுக்குத் தெரியாதா? ஒரு வாரமா போணியே இல்ல பாய். வர்ற கூட்டமெல்லாம் விரிக்கச் சொல்லிப் பாத்துட்டு, 'அப்புறம் வரேன்'னு போவுது. மடிச்சு மடிச்சு என் கை ஓஞ்சு போச்சு.

– ரப்பர் வெல விழுந்து கெடக்கு மெம்பரே. ஊர்ல எல்லாக் கடையிலயும் மடிச்சுக்கிட்டுத்தான் இருக்காங்க.

– இல்ல, இது இவங்க வேலைதான். செவ்வாய்க்கிழமை விடியறதுக்கு முன்னாடியே தொறந்தேன். வாசல்ல ஒருத்தி அரிக்கேன் விளக்கோட நிக்கிறா! புதன்கிழமை முன் கதவைத் தொடாம பின் சந்து வழியாத் தொறந்தேன். சந்துல ஒருத்தி! அன்னிக்கு ராத்திரி என் மச்சானைக் கடைக்குள்ளயே படுக்க வெச்சேன், நேத்து எந்திரிச்சதும் அவன் கையால போணி பண்ணிடலாம்னு. அவன் கண்ணு முழிக்கறதுக்குள்ள கதவைத் தட்டுறாங்க. தூக்கக் கலக்கத்துல அந்த மடையன் தொறந்து விட்டுட்டான். வெளியில ஒருத்தர்கிட்டயும் சொல்லாத சேதி இவங்களுக்கு எப்படிப் போவுது? நெஞ்சைத் தொட்டுச் சொல்லுங்க பாய், நீங்கதானே?

– அல்லா மேல ஆணையா நான் இல்ல. நான் எந்திரிக்கறதே நீங்க போடுற கூச்சலைக் கேட்டுத்தான்.

– அது இருக்கட்டும். மொதலாளி, திங்கக்கிழமை சபை கூடுது. வர்ற வருஷத்துச் செலவை அன்னிக்குத்தான் முடிவு கட்டுறாங்க. நம்ம ஆஸ்பத்திரி டாக்டரை ஏற்கெனவே மலைக்குத் தூக்கிட்டாங்க, அவரு எடத்தையும் அன்னிக்கு வெட்டிட்டா, வருஷம் பூரா வெட்டினதுதான். நீங்க எந்திரிச்சு நிக்கணும். 'எங்க டாக்டரை ஏன் எடுத்தீங்க, எப்பத் திருப்பி அனுப்புவீங்க'ன்னு கேக்கணும். சபையை நடத்துற துரை பதில் சொல்லணும். நாங்க கேக்குற சரக்கு அவ்வளவுதான்.

– சொல்றது சுலபம். சபைன்னா அதுக்கு ஒரு மரியாதை இருக்கு. செலவைக் குறைன்னு சீமையில இருந்து உத்தரவு. எல்லா எடத்துலயும் ஆள் குறைப்பு. இதுல நம்ம ஆஸ்பத்திரி மட்டும் தனியா? அப்புறம், டாக்டர் இல்லேன்னா என்ன, மருந்து கட்டுற டிரெஸர் அம்புரோஸ் இருக்காரே!

– இருக்காரு, நல்ல மனுஷன். காய்ச்சலுக்குச் செகப்புத் தண்ணி குடுக்குறாரு. வயித்து வலிக்கும் அதே செகப்புத் தண்ணி. சாலாக் செலாத்தான்ல இருந்து கால் ஒடிஞ்ச ஒருத்தனைக் கட்டிலோட தூக்கிட்டு வந்தாங்க, அவனுக்கும் மொதல்ல ஒரு மடக்கு செகப்புத் தண்ணிதான். அவரு வேற என்ன செய்வாரு? நான் டாக்டர் இல்லம்மான்னு அவரே கையெடுத்துக் கும்பிடுறாரு.

– எனக்குப் போன மாசம் பல்லு வலி, அதுக்கும் அதான். வலி போவல மெம்பரே. பல்லுதான் செகப்பா ஆயிடுச்சு.

– மனு குடுங்க. முறையா ஒரு மனு எழுதி, மேல அனுப்பினா...

– குடுத்தோமே. ரயில்வே லைன் வீடு பூரா கையெழுத்து, கைநாட்டு. 'கவனிக்கப்படும்'னு பதில் வந்துச்சு.

– அந்தக் கடுதாசியை நானும் பாத்தேன். ஒரு வடை மடிக்கக் கூட ஆவாது, அவ்வளவு சின்னது.

– போன மழைக் காலத்துல எங்க லைன் சாந்தமேரிக்குப் புள்ள குறுக்கே நின்னுடுச்சு மொதலாளி. அறுத்து எடுத்தா ரெண்டு உசுரும் தங்கும்னு அம்புரோஸ் சொல்றாரு. அறுக்க வேண்டிய கை எங்க இருந்துச்சு? மலை மேல, துரைமாரு ஓய்வு பங்களாவுல, துரைசாணிக்குச் சளி மருந்து கலக்கிக்கிட்டு இருந்துச்சு. லோரி தேடிப் பிடிச்சு, பெரிய ஆஸ்பத்திரிக்குப் போற வழியிலேயே முடிஞ்சு போச்சு. விளக்கைப் பிடிச்சுக்கிட்டுப் பக்கத்துல உக்காந்திருந்தவ நான். அடுத்த மாசம் என் மக லூசிக்கு நாள்.

– பேசுங்க மெம்பரே.

– என்னத்தைப் பேச? பத்து வருஷமா வீட்ல தொட்டில் கட்ட வழியில்லாம கோயில் கோயிலாச் சுத்துறவன் நான். புள்ளையோட அருமை எனக்குத் தெரியாதுன்னு நெனைக்காதீங்க. என் வீட்டுக்காரி லெட்சுமியும் இதையே சொல்லிச் சொல்லி, இப்ப என்கிட்ட பேசறதையே நிறுத்திட்டா.

– ஓ, அதானா! உங்க வீட்ல இருந்து மீன் குழம்புக்கு ஆளே வரதில்லையேன்னு பாத்தேன். வாசனையே ஆவலன்னு சொல்லி விட்டாங்களாம். எலுமிச்சை ஊறுகா மட்டும்தான் போவுது.

– கோவம் பாய். கோவம் வந்தா அவ சோறே எறக்க மாட்டா. அது என் குடும்ப விஷயம், விடுங்க.

– சரி, சபை விஷயத்துக்கு வருவோம். நீங்க அங்க இது வரைக்கும் வாயைத் தொறந்ததே இல்லையாமே மொதலாளி?

– எவன் சொன்னான்? பேசியிருக்கேன்!

– ஒரே ஒரு தடவை. 'அந்த ஜன்னலைச் சாத்துங்க, சாரல் அடிக்குது'ன்னு. சபை பியூன் கன்னையா எங்க லைன்லதான் குடியிருக்காரு.

– அன்னிக்கு... நெசமாவே சாரல் அடிச்சுது.

– துரை உடனே சாத்தச் சொன்னாராமே! பாத்தியளா மெம்பரே, கேட்டா நடக்குது!

– கிண்டல் பண்ணாதீங்க பாய். என்னைச் சபைக்கு எடுத்தது துரை. இவங்க யாரும் ஓட்டுப் போட்டு அனுப்பல. நான் எந்திரிச்சு நின்னு அவரையே கேள்வி கேட்டா, அடுத்த தடவை என் பேரு இருக்குமா? ராஜா பொறந்த நாளைக்குப் பதக்கம் குடுக்கறதா வேற ஒரு பேச்சு ஓடிக்கிட்டு இருக்கு.

– ஓட்டுப் போடல, நெசம்தான். துரை எதுக்கு உங்களைக் கூப்பிட்டாரு? துணி விக்கவா? தமிழ் ஆளுங்களுக்குன்னு சபையில ஒரு நாக்காலி போட்டாங்க, அதுல உக்கார உங்களைக் கூப்பிட்டாங்க. நாக்காலி எங்களுது. எங்க நாக்காலியில உக்காந்தவரை நாங்க கேக்காம, கிள்ளான் ஆத்து முதலையா வந்து கேக்கும்?

– போட்டுச்சு பாரு தங்கச்சி ஒரு போடு!

– பாய், நீங்க யார் பக்கம்?

– நான் யாவாரி. ரெண்டு பக்கமும் நம்ம கடையில தேத்தண்ணி குடிக்கணும். கோவிச்சுக்காம ஒரு யோசனை கேளுங்க. எங்க வாப்பா கீழக்கரையில முத்து யாவாரம். வெல பேசும்போது கை மேல துண்டைப் போட்டுக்குவாங்க. உள்ளுக்குள்ள விரலைப் பிடிச்சுத்தான் பேரம். சுத்தி நிக்கறவனுக்கு ஒண்ணும் வெளங்காது. எறங்கி வந்தது யாரு, ஏறிப் போனது யாருன்னு தெரியாது. ரெண்டு பேரு மானமும் தங்கிடும். இந்தா, என் தோள் துண்டு. தங்கச்சி கையை யாரும் தொட வேணாம், மெம்பர் கையை நான் பிடிக்கிறேன். அவரு சொல்றதை உன்கிட்ட சேக்குறேன்.

– போடுங்க பாய். இதுதான் கௌரவமான வழி.

– ம்... கட்டை விரலைப் பிடிக்கிறாரு. இப்ப ரெண்டு விரலு... மெம்பரே, முத்துன்னா எனக்கு வெளங்கிடும். டாக்டருக்கு எந்த விரலுன்னு வாப்பா சொல்லித் தரல. மெதுவா வாயாலயே சொல்லிடுங்க.

– அவ மகளுக்கு வலி எடுத்ததும் ஒரு ஆளை அனுப்பச் சொல்லுங்க. என் மோட்டார் கார் வாசல்ல வந்து நிக்கும். டவுன்ல எனக்குப் பழக்கமான வெள்ளைக்கார டாக்டர், அவரே நின்னு பாத்துக்குவாரு. எல்லாம் என் பொறுப்பு. ஆனா நாளையில இருந்து என் வாசல்ல ஒருத்தியும் நிக்கக் கூடாது. திங்கக்கிழமைப் பேச்சையும் எடுக்கக் கூடாது.

– காதுல விழுந்துச்சா தங்கச்சி?

– விழுந்துச்சு.

– நல்ல முத்துதான். நீ தலையாட்டினா உன் மக பொழைச்சா. அவசரமில்ல, யோசிச்சுக்க.

– யோசிக்காம இருப்பேனா பாய்? நானும் பெத்தவதானே. சாந்தமேரி போன நாள்ல இருந்து, லூசி வயித்தைப் பாக்கும்போதெல்லாம் நான் பிடிச்ச விளக்குத்தான் கண்ணுல வருது. மாதா முன்னாடி முட்டி போட்டு, ஒரு டாக்டரைக் காட்டு தாயேன்னு அழுதேன். இந்தா காட்டிட்டா. காரோட காட்டிட்டா.

– அப்ப சரிதானே?

– துண்டை எடுங்க பாய்.

– எதுக்கு?

– எடுங்க. எதிர் வீட்டுக்காரிக்குத் தை மாசம். கடைசி வீட்டுக்காரிக்கு அதுக்கு அடுத்த மாசம். கம்பத்துக் கிராமத்துல இருந்து ஆஸ்பத்திரிக்கு நடந்து வர்ற மலாய்க்காரிங்க வேற. ஒவ்வொருத்தியும் வந்து இந்தத் துண்டுக்குள்ள கையை விடணுமா? துண்டுக்குள்ள குடுத்தா அது தர்மம். நான் தர்மம் வாங்க வரல. நீங்க சபையில, நாலு பேரு காதுல விழுற மாதிரிக் கேளுங்க. நாங்க இங்க கேக்குற மாதிரி.

– குடுத்ததை எட்டி உதைக்கிறியே! போம்மா, போ. இன்னிக்கும் என் போணியைக் கெடுத்துட்டே, போ.

– இல்ல மொதலாளி. இன்னிக்கு நான் போணி பண்ணப் போறேன்.

– ஆ! நெசமாவா? அதை மொதல்லயே சொல்லக் கூடாதா? உக்காரு, உக்காரு. பாய், ஒரு தேத்தண்ணி கொண்டு வரச் சொல்லுங்க! என்னம்மா வேணும்? புதுச் சீட்டி வந்திருக்கு, மஞ்சள்ல பூப் போட்டது...

– வெள்ளைத் துணி. மல்லு வேணாம், கெட்டியான காடா. நாலு கெஜம்.

– வெள்ளையா? மொத யாவாரமே... வெள்ளைத் துணியா? ஏம்மா, வீட்ல... லூசிக்கு ஒண்ணும்...

– வாயைக் கழுவுங்க மொதலாளி! லூசி நல்லா இருக்கா. இது எழுதறதுக்கு.

– எழுதறதுக்கா?

– செபாஸ்டியன் வாத்தியார் தமிழ், மலாய், இங்கிலீஷ் மூணுலயும் பெருசா எழுதித் தரேன்னிருக்காரு. திங்கக்கிழமை சபை வாசலுக்கு எதிர்ல நாங்க சுருட்டி வெச்சுக்கிட்டு நிப்போம். உள்ள நீங்க கேட்டீங்களா இல்லையான்னு கன்னையா வெளிய வந்து தலையாட்டுவாரு. கேட்டீங்கன்னா, சுருட்டினது சுருட்டினபடியே வீட்டுக்குப் போவும். நல்லாத் தொவைச்சு லூசி புள்ளைக்குத் தொட்டில் கட்டுவோம். கேக்கலேன்னா, துரைமாரு கார் வெளிய வரும்போது விரிப்போம்.

– விரிச்சா... அதுல என்ன இருக்கும்?

– 'எங்கள் மெம்பர் பேசுவார், சாரல் அடித்தால் மட்டும்.'

– ஹஹ்... ஹக்...

– பாய்! சிரிக்காதீங்க!

– சிரிக்கல மெம்பரே, இருமல். டாக்டர் இல்லையே, என்ன செய்ய?

– மிரட்டுறியா? நான் துணியே குடுக்க மாட்டேன். கெளம்பு!

– மொத ஆளுக்கு இல்லைன்னு சொல்லுவீங்களா மொதலாளி? இருக்கிற சரக்கை வெச்சுக்கிட்டு?

– மாட்டிக்கிட்டீங்க மெம்பரே. மொத கையைத் திருப்பி அனுப்பினா அப்புறம் கடையையே மூட வேண்டியதுதான். கிழிங்க லா!

– கிழிக்கிறேன். யாவாரம் வேற, சபை வேற. இந்தா, நாலு கெஜம். ஆனா ஒண்ணு சொல்றேன், கேட்டுக்க. ரயில்வே லைன் பொம்பளைங்க ரோட்டோரமா நின்னு துணி பிடிச்சா, துரை காருக்குள்ள இருந்து தலையைக் கூடத் திருப்ப மாட்டாரு. கூலிக்காரங்கன்னு போய்க்கிட்டே இருப்பாரு.

– ரயில்வே லைன்காரி ஒரு முனையைத்தான் பிடிப்பா. அது நான்.

– மறுமுனையை?

– உங்க கடையில எந்தக் கதவு எப்பத் தொறக்கும்னு தெனமும் எங்களுக்குச் சொல்லி விடுறவங்க.

– பாய்! அல்லா மேல ஆணைன்னீங்களே!

– இன்னமும் சொல்றேன், நான் இல்ல. மச்சான் இங்க படுக்கப் போறான்னு உங்க வீட்ல யாருக்குத் தெரியும்? அவனுக்குத் தலகாணி குடுத்து விட்டது யாரு? நெனைச்சுப் பாருங்க.

– ...லெட்சுமியா?

– அவங்கதான் மொதலாளி. பத்து வருஷம் கழிச்சு இப்ப மூணு மாசம். காரும் வேணாம், வெள்ளைக்கார டாக்டரும் வேணாம், நம்ம ஆஸ்பத்திரியிலதான் பெத்துக்குவேன்னு நேத்து அம்புரோஸ்கிட்ட பேரு குடுத்துட்டு வந்துட்டாங்க.