முதல் போத்தல்

நாற்பது ஆண்டுகளுக்கு முன், கிள்ளானில் உரிமத்தோடு சாராயம் வடித்த ஒரு குடும்பத்தின் மேல் பொறாமைப்பட்டு, அவர்கள் விஷம் கலப்பதாக மொட்டைக் கடுதாசி எழுதியவன் நான். உரிமம் பறிபோனது.

போன வருடம், அது பொய் என்று பெயர், முகவரி, கைப்பேசி எண் எல்லாம் போட்டு அதிகாரிகளுக்கு எழுதினேன்.

பிறகு ஒருநாள் பிரிக்ஃபீல்ட்ஸ் போகும் ரயிலில், முன் இருக்கையில் அந்தக் குடும்பத்துப் பெரியவரும் மகளும் இருந்தார்கள். அவர்களுக்கு என்னை அடையாளம் தெரியவில்லை.

"அப்பா, நம்ம அன்னாசி வைனுக்கு லைசென்ஸ் கிடைச்சிருச்சு லா!"

"அந்தப் பழைய புகாரு?"

"எழுதுனவரே பொய்னு ஒத்துக்கிட்டாராம். லெட்டர் காப்பி குடுத்தாங்க."

பெரியவர் அதை வாங்கி, கீழே இருந்த பெயரையும் முகவரியையும் படித்தார்.

"மொத போத்தல அவனுக்கே அனுப்பு. தைரியமா குடிக்கிறானான்னு பாப்போம்."

போத்தல் வந்த அன்றே குடித்தேன். மறுநாள் காலை பெரியவர் அழைத்தார்.

"என்னய்யா, உசுரோடதான் இருக்கியா?"