மோந்து பாத்துச் சொல்லுங்க

எனக்குச் சட்டென்று ஜலதோஷம் பிடிக்காது, ஐயா. மூக்குப்பொடி தொட்டதில்லை, பீடி சிகரெட் கிடையாது. பொத்திப் பொத்தி வளர்த்த மூக்கு இது.

திண்டிவனத்தில் எங்கள் பள்ளிக்கூடத்தில் நான் வேதியியல் வாத்தியார். ஆய்வுக்கூடத்தில் ஒரு கண்ணாடி ஜாடி உண்டு. அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும் வாயுவை அதில்தான் தயாரிப்போம். அளவு கூடினால் ஆளையே கொல்லும். அதனால் செய்முறை வகுப்புக்கு முன்னால் தலைமையாசிரியர் விருத்தாசலம் என்னைக் கூப்பிடுவார். "சார், மோந்து பாத்துச் சொல்லுங்க." வாசலில் நின்று ஒரு மூச்சு இழுத்து நான் தலையாட்டினால்தான் பிள்ளைகள் உள்ளே போவார்கள். 'மூக்கு சார்' என்று பட்டப்பெயர். எனக்கு அது பிடித்திருந்தது.

எண்பத்தாறில் கிளியனூரிலிருந்து தையல்நாயகி டீச்சர் வேலைக்கு வந்தார். ஈயக் கரைசலில் தோய்த்த தாள்துண்டுகளைச் சுவரில் தொங்கவிட்டார். வாயு கசிந்தால் தாள் கறுத்துவிடும். அவ்வளவுதான் வித்தை. அதற்குத் தலைமையாசிரியர் பூரித்துப்போனார். "இனிமே மோந்து பாக்கற பேஜாரு ஒங்களுக்கு இல்ல சார்" என்று என் தோளைத் தட்டினார். வயிறு எரிந்தது. பொறாமைதான், மறைக்க என்ன இருக்கிறது. அந்தத் தாள் ஞாபகம் வந்தாலே எனக்குச் சோறு இறங்காது.

தாள் ஒரே ஒரு நாள் தோற்றால் போதும் என்றுதான் நினைத்தேன்.

கார்த்திகை மாத மழை. சன்னல்களைச் சாத்தியிருந்தார்கள். டீச்சருக்கு மூக்கடைப்பு, பாவம், மிளகுக் கஷாயம் கொண்டுவந்து கொடுத்ததே நான்தான். அவர் அதைக் குடித்துக்கொண்டிருந்தபோது சுவரிலிருந்த தாள்களை எடுத்துவிட்டு, வெறும் தண்ணீரில் நனைத்த தாள்களை மாட்டினேன். ஜாடியின் திருகைக் கொஞ்சம் தளர்த்தினேன். பிறகு வராந்தாவில் வந்து நின்றுகொண்டேன்.

"நாத்தம் கொடலப் புடுங்குது டீச்சர்" என்றாள் பவுனு. பன்னிரண்டாம் வகுப்புப் பெண், நன்றாகப் படிப்பாள்.

"எனக்கு ஒண்ணும் தெரியலியேம்மா. பேப்பரும் வெள்ளையாத்தான் இருக்குது. ஜல்தியா செஞ்சி முடிங்க."

கொஞ்சம் கழித்து அவளே, "இப்ப நாத்தமே இல்ல டீச்சர்" என்றாள். அந்த வாயு மிகுந்தால் மூக்கு மரத்துப்போகும். நாற்றம் நின்றால்தான் ஓடவேண்டும். எனக்கு அது தெரியும்.

பவுனு அங்கேயே போய்விட்டாள். டீச்சர் விழுப்புரம் ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில். மற்றப் பிள்ளைகளை வெளியே இழுத்துப் போட்டார்கள், பிழைத்துக்கொண்டார்கள். தலைமையாசிரியர் வாசலில் நின்றார். என்னைப் பார்த்ததும் கையைப் பிடித்துக்கொண்டார். "சார், இப்ப உள்ள போலாமா? மோந்து பாத்துச் சொல்லுங்க சார்."

எனக்கு அழுகை வந்தது. எல்லோரும் துக்கம் என்று நினைத்தார்கள். எனக்கோ அத்தனை சந்தோஷம்.

வாக்குமூலத்தில் இதை மட்டும் சரியாக எழுதிக்கொள்ளுங்கள், ஐயா. என் மூக்கு அன்றைக்கும் தவறவில்லை. வராந்தாவிலேயே தெரிந்துவிட்டது. யாராவது ஒரு வார்த்தை கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.