இடப்பக்கத்து மாடு

ரூஷா: ...நிறுத்தாத. அடுத்த வரியையும் படி.

இம்ப்ரோ: எதுக்கு அண்ணி, மார்ட்டின் திருநாளும் அதுவுமா? அடுப்புல வாத்து வேகுது. நீங்க என்னடான்னா போன்ல உங்க படத்துக்குக் கீழ எவனோ எழுதுன கண்றாவியப் படிக்கச் சொல்றீங்க.

ரூஷா: மூக்குக்கண்ணாடியக் காணோம்.

இம்ப்ரோ: நெத்தி மேல இருக்கு.

ரூஷா: இருக்கட்டும். உன் குரல்ல கேட்டா நல்லாருக்கு.

இம்ப்ரோ: ம்ம்... "இடப்பக்கத்து மாட்டுக்கு அஞ்சு கால். இந்தம்மாவுக்கு வரையத்தான் வராதுன்னு நெனச்சேன், எண்ணவும் வராது போல." எழுதுனவன் பேரு உண்மைவிளம்பி. போதுமா?

ரூஷா: அதுக்குக் கீழ?

இம்ப்ரோ: "தலையில கட்டியிருக்கற பூப்போட்ட துணியும் இரவல், திறமையும் இரவல்." சே... என்ன ஜென்மமோ.

ரூஷா: ஏத்த இறக்கத்தோட நல்லா படிக்கிற. எழுதுனவனே படிச்ச மாதிரி.

இம்ப்ரோ: பள்ளிக்கூடத்துல நாடகம் போட்டவன் நான். அண்ணன் எங்க?

ரூஷா: பிஷப் வேஷம் கட்டப் போயிருக்கார். திராட்சைச் சாறுக்கு இன்னைக்கு ஞானஸ்நானம் பண்ணாத்தானே அது ஒயின் ஆகும்? வருஷா வருஷம் உங்கண்ணன்தான். பத்துப் பீப்பாய ஆசீர்வதிச்சுட்டு அவர் வீடு திரும்பறதுக்குள்ள வாத்து கரியாயிடும். உட்காரு. கையில என்ன, போர்வையில சுத்தி? குழந்தையா?

இம்ப்ரோ: கண்ணாடி. அதுல வரைஞ்ச புதுப் படம்.

ரூஷா: ஓ.

இம்ப்ரோ: "ஓ" தானா? என்ன படம்னு கேட்க மாட்டீங்களா?

ரூஷா: பனியாத்தான் இருக்கும். உனக்கு வேற என்ன வரும்?

இம்ப்ரோ: உங்களுக்கு மாடு வர்ற மாதிரி எனக்குப் பனி. அண்ணி... ஒரு விஷயம். வியன்னாவுலேர்ந்து ஓவியக்கூடம் நடத்தற ஒரு அம்மா உங்களுக்கு எழுதியிருக்காங்களாமே.

ரூஷா: யார் சொன்னா?

இம்ப்ரோ: பேக்கரில பேசிக்கிட்டாங்க. மார்ச்சுல கண்காட்சி. நீங்களும், உங்க ஊர்லேர்ந்து நீங்க கைகாட்டற இன்னொரு ஓவியரும்னு.

ரூஷா: பேக்கரிக்காரி என் கடிதத்தையும் மாவோட சேர்த்துப் பிசையறா போல.

இம்ப்ரோ: உண்மைதானே?

ரூஷா: உண்மை. நாளைக்குச் சாயங்காலத்துக்குள்ள இன்னொரு பேரை அனுப்பணும்.

இம்ப்ரோ: யாரை அனுப்பப் போறீங்க?

ரூஷா: யோசிக்கிறேன்.

இம்ப்ரோ: இதுல யோசிக்க என்ன? கூடப்பிறந்தவன் மாதிரி ஒருத்தன் வேலிக்கு அந்தப் பக்கமே உட்கார்ந்திருக்கான். முப்பத்தாறு வருஷமா கண்ணாடியில வரையறவன். ஊர் எல்லையைத் தாண்டி ஒரு படம் போனதில்லை... உங்களுக்குக் கையில போன் வந்த நாலாம் வருஷமே வியன்னா.

ரூஷா: வயிறு எரியுதா?

இம்ப்ரோ: எனக்கா? வாத்து வாசனை. பசி.

ரூஷா: சொல்லு, சொல்லு. பண்டிகை நாள், மனசுல வெச்சுக்கக் கூடாது.

இம்ப்ரோ: சொன்னா கோவிக்கக் கூடாது. அந்த வீடியோல நீங்க என்ன செய்றீங்க? கண்ணாடியோட முதுகுப் பக்கம் வரையறீங்க. முதல்ல கையெழுத்து, அப்புறம் மூக்கு முழி, கடைசியில ஆகாயம். முடிஞ்சதும் படக்குனு திருப்பிக் காட்டறீங்க. இந்த ஊர்ல நாய்க்குட்டிகூட அப்படித்தான் வரையும். அதுக்குப் போய் அறுபதாயிரம் பேர் வாயப் பொளந்துகிட்டு நிக்கறான்.

ரூஷா: அறுபத்து நாலு.

இம்ப்ரோ: பார்த்தீங்களா, எண்ணத் தெரியுது.

ரூஷா: நீயும்தான் ஒரு பக்கம் ஆரம்பிச்சியே. என்னாச்சு?

இம்ப்ரோ: பதினொரு லைக்கு. அதுல நாலு பாரிச்சா போட்டது, வேற வேற பேர்ல.

ரூஷா: பொண்டாட்டின்னா அப்படி இருக்கணும்.

இம்ப்ரோ: நான் என்ன, வாத்தை மடியில வெச்சுகிட்டா படம் எடுக்க முடியும்? நீங்க வாத்தை வெச்சுக்கறீங்க, பூசணிக்காய வெச்சுக்கறீங்க, கண்ணை இப்படிச் சொருகிக்கறீங்க...

ரூஷா: சரக்கு பாதி, கூவறது பாதி தம்பி. எங்கப்பா சந்தையில குதிரை வித்தவர். குதிரைக்குப் பல்லு இருந்தா மட்டும் போதாது, வாயைத் திறந்து காட்டணும்பார்.

இம்ப்ரோ: கிழட்டுக் குதிரைக்கும் வாயைத் திறந்து காட்டினவர்தானே அவர்.

ரூஷா: அதையும் வித்தாரே... சரி, அந்தப் படம்தான் சுவத்துல மாட்டியிருக்கு. உண்மைவிளம்பி திட்டினது. நிமிர்ந்து பாரு. ஒரு வாளி போட்டேன், எங்க போட்டேன்னே தெரியல.

இம்ப்ரோ: இதோ, இடது மூலையில, கிணத்துக்குப் பக்கத்துல. மூக்குக்கண்ணாடிய இறக்கி மாட்டுங்க.

ரூஷா: ஆமா, ஆமா... இடது மூலை. உன் கண்ணே கண்ணு.

இம்ப்ரோ: வியன்னா பத்திப் பேசிட்டிருந்தோம்.

ரூஷா: அங்கதான் வர்றேன். எனக்கு ஒரே ஒரு சங்கடம். கூட்டிட்டுப் போறவன் யாரா இருந்தாலும் இருக்கட்டும்... அந்த உண்மைவிளம்பியா மட்டும் இருந்துடக் கூடாது. நம்ம ஊர்க்காரன்னு எனக்கு ஒரு சந்தேகம்.

இம்ப்ரோ: நம்ம ஊர்லயா? சே சே. அது எங்கயோ பெரிய நகரத்துக்காரன். எழுத்தப் பார்த்தாலே தெரியலையா, படிச்சவன்.

ரூஷா: நல்லா எழுதறான்ங்கற?

இம்ப்ரோ: நல்லான்னு இல்ல... ஒரு கூர்மை இருக்கு.

ரூஷா: அவன் அந்த மாட்டைத் திட்டின அன்னைக்கு என்ன நடந்துச்சுன்னு தெரியுமா? அந்தப் படத்துல இடப்பக்கம் என்ன இருக்கு, பாரு.

இம்ப்ரோ: மாடு.

ரூஷா: நல்லா பாரு, இம்ப்ரோ.

இம்ப்ரோ: ...மாடுதான். ஏன்?

ரூஷா: போர்ச்சுகல்லேர்ந்து ஒருத்தி எழுதியிருக்கா: "இடப்பக்கம் கோயில் அல்லவா இருக்கிறது, ஐயா? கோயிலுக்கா கால் எண்ணுகிறீர்கள்?" போலந்துக்காரன் ஒருத்தன் உண்மைவிளம்பிக்குக் கண் டாக்டர் விலாசம் கொடுத்திருக்கான். இன்னொருத்தன் "மாடு வலப்பக்கம், கால் அஞ்சு, விளம்பி சொன்னது பாதி சரி"ன்னு வக்காலத்து வாங்கறான். ரெண்டு கட்சி. நானூத்தி சொச்சம் கமெண்ட். சண்டை பெருசாகப் பெருசாக போனுக்குள்ள இருக்கற அந்த எந்திரம் என் படத்தை இன்னும் பத்து நாட்டுக்குத் தூக்கிட்டுப் போய்க் காட்டுது.

இம்ப்ரோ: கொஞ்சம் தண்ணி கொடுங்க.

ரூஷா: என்ன, வாய் உலர்ந்துடுச்சா? ஒயின் ஊத்திக்கோ. இன்னும் ஞானஸ்நானம் ஆகல, பாவமில்ல.

இம்ப்ரோ: கோயில் எப்படி இடது... ஓ.

ரூஷா: ஓ. பின்பக்கத்துலேர்ந்து வரையறவனுக்கு எது இடமோ, முன்னாடி நின்னு பார்க்கறவனுக்கு அது வலம். வெளியூர்க்காரன் எவனும் அந்த மாட்டை இடதுன்னு சொல்ல மாட்டான். ஆயுசு பூரா கண்ணாடிக்குப் பின்னாடியே குனிஞ்சு கிடந்தவன்தான் சொல்லுவான். வாளியையும்தான்.

இம்ப்ரோ: நம்ம ஊர்ல கண்ணாடியில வரையறவங்க முப்பது பேர் இருக்காங்க, அண்ணி. எல்லாரும் அப்படித்தான் சொல்லுவோம். பாதிரியாரே அப்படித்தான் சொல்றார்.

ரூஷா: முப்பது பேர்தான். அதுல நான் கட்டின அந்தப் பூப்போட்ட தலைக்குட்டை பாரிச்சாவோட கல்யாணத் தலைக்குட்டைன்னு எத்தனை பேருக்குத் தெரியும்? கொடுத்த அவளுக்குத் தெரியும். கட்டின எனக்குத் தெரியும். பெட்டியத் திறந்து "எங்கடி அது"ன்னு கத்தின அவ புருஷனுக்குத் தெரியும்.

இம்ப்ரோ: வாத்து தீயற மாதிரி வாசனை வருது.

ரூஷா: தீயல. அடுப்பை எப்பவோ அணைச்சுட்டேன்.

இம்ப்ரோ: ...தலைக்குட்டை பத்தி எழுதியிருக்கக் கூடாது.

ரூஷா: மாட்டைப் பத்தி எழுதியிருக்கலாமா?

இம்ப்ரோ: அஞ்சு கால் இருந்துச்சே. இருந்ததைத்தான் எழுதினேன்.

ரூஷா: நான்தான் போட்டேன், வேணும்னே. அதுக்கு முந்தி எழுதினதுல புகைபோக்கி எங்க இருக்குன்னு பக்கம் மாத்திச் சொல்லியிருந்த. அப்பவே எனக்கு மூக்குல வேர்த்துடுச்சு. உறுதியாத் தெரிஞ்சுக்கணும்னு கூட ஒரு கால் வெச்சேன். இருபது நிமிஷத்துல கவ்விட்ட. வேற ஒருத்தனும் என் மாட்டை அவ்வளவு உத்துப் பார்க்கறதில்ல, தம்பி. எங்க வீட்டுக்காரர்கூட.

இம்ப்ரோ: தெரிஞ்சும் இத்தனை நாள் என் மூஞ்சியப் பார்த்துச் சிரிச்சீங்க. அடிக்கடி கேக் வேற அனுப்புனீங்க.

ரூஷா: ஏன் அனுப்பமாட்டேன்? வியன்னாக்காரி என்ன எழுதியிருக்கா தெரியுமா? "கால்களை எண்ண வந்தேன், தங்கிவிட்டேன்." உன்னாலதான் வந்தா. போன செவ்வாய்க்கிழமை நீ எழுதல, அன்னைக்குப் போட்ட கோழிப்படம் அப்படியே மூழ்கிடுச்சு. என்னாச்சு உனக்கு?

இம்ப்ரோ: பல் வலி.

ரூஷா: அதானே பார்த்தேன்.

இம்ப்ரோ: அப்ப என்னை வெச்சே... நான் திட்டத் திட்ட நீங்க மேல. நான் உட்கார்ந்து வயித்தெரிச்சல்ல எழுதினது பூரா உங்களுக்கு விளம்பரம்.

ரூஷா: கூலி கேட்காத கூவுக்காரன். எங்கப்பா இருந்திருந்தா உன்னைக் கட்டிப் பிடிச்சிருப்பார்.

இம்ப்ரோ: சிரிங்க. நல்லா சிரிங்க. ஏன் எழுதினேன்னு ஒரு வார்த்தை கேட்டீங்களா?

ரூஷா: பொறாமை. இதுல கேட்க என்ன இருக்கு?

இம்ப்ரோ: பொறாமைதான். இல்லைங்கல. ஆனா எப்ப ஆரம்பிச்சுது? மூணு வருஷம் முந்தி ஒரு பனிப்படம் கொண்டாந்து கொடுத்தேன். "உங்க பக்கத்துல ஒரே ஒரு வாட்டி போடுங்க அண்ணி, பெரிய கூட்டம் பார்க்கட்டும்"னு கெஞ்சினேன். ஒரு குளிர்காலம் முழுக்க வரைஞ்சது. பத்து நாள் கழிச்சு "பூனை தள்ளிடுச்சு, உடைஞ்சிடுச்சு"ன்னீங்க. அதுக்கும் நான் ஒண்ணும் சொல்லல. கண்ணாடிதானே, உடையும். துண்டையாவது எடுத்து வெச்சீங்களா? ஒரு துண்டு? குப்பையில கொட்டிட்டேன்னீங்க, ஏதோ காபிக் கோப்பை மாதிரி. அன்னைக்கு ராத்திரியே அந்த உண்மைவிளம்பி பொறந்தான்.

ரூஷா: வாத்தை வெட்டட்டுமா?

இம்ப்ரோ: பேச்சை மாத்தறீங்க. சரி. போர்வைய எடுத்துட்டு நான் கிளம்பறேன். யாரை வேணா கூட்டிட்டுப் போங்க. தெருக்கோடி ஓவியனக் கூட்டிட்டுப் போங்க, அவன்தான் ஆட்டுக்குட்டிய அழகா வரையறான்.

ரூஷா: உட்காரு.

இம்ப்ரோ: பசிக்கல.

ரூஷா: உட்காருடா... எங்க வீட்டுல பூனை ஏது?

இம்ப்ரோ: என்ன?

ரூஷா: இந்த வீட்டுல என்னைக்காவது பூனையப் பார்த்திருக்கியா? உங்கண்ணனுக்குப் பூனை மயிர் பட்டா தும்மல் நிக்காது. வேலிக்கு அந்தப் பக்கம்தானே இருக்க, மூணு வருஷமா இது உனக்குத் தோணலியே.

இம்ப்ரோ: ...அப்ப யாரு உடைச்சது?

ரூஷா: யாரும் உடைக்கல. அது எங்க படுக்கையறை அலமாரிக்குப் பின்னாடி இருக்கு. உன் பனியைப் பார்த்துட்டா என் மாட்டை எவன் பார்ப்பான்? அதான் போடல. ஊர் அடங்கினப்புறம் வெளியே எடுத்து, திருப்பித் திருப்பிப் பின்பக்கத்தைப் பார்க்கறேன், எப்படித்தான் போட்டிருக்கன்னு. கடைசியாப் பூசின சாம்பல் நிறம்தான் தெரியுது, வேற ஒண்ணும் புரியல. அந்தப் பனி ஏன் விழுந்துகிட்டே இருக்கு? அதை மட்டும் சொல்லு... உன் பேரை நேத்தே வியன்னாவுக்கு அனுப்பிட்டேன்.