வெள்ளை வேட்டி

மதுரையிலிருந்து ராமநாதபுரம் போகும் பஸ்ஸில், முன் சீட்டுப் பெண் பக்கத்திலிருந்தவரிடம் சொன்னார்:

“எங்க வீட்டுக்காரரு ஒண்ணுக்குப் போனாரு. வார்டே கை தட்டுச்சு.”

“என்னக்கா சொல்றீக?”

“பனையில இருந்து விழுந்து முதுகெலும்பு அடிபட்டுருச்சு. எட்டு மாசமா ஒண்ணுக்குப் போக டியூபுதான். நர்சு ஸ்கேன் மிசினைக் கொண்டாந்தப்ப, ‘எனக்கென்ன வயித்துல புள்ளையா’ன்னு சண்டை போட்டாரு.”

“அது எதுக்கு?”

“டியூபைக் கழட்டி, தானாப் போகச் சொல்லுவாக. பெறகு அடிவயித்துல வச்சா, உள்ள ஒண்ணுக்கு எவ்வளவு மிச்சம்னு காட்டும். நிறைய நின்னா மறுபடி டியூபு. மொதல்ல முந்நூறு மில்லி நின்னுச்சு. இன்னைக்கு அவரே ‘வச்சுப் பாரு தாயி’ன்னாரு. முப்பதுதான்.”

“இனிமே டியூபு?”

“வேணாம்னுட்டாக. நாளைக்கு வீட்டுக்கு வாராரு. எட்டு மாசமாக் கைலியோட கெடந்த மனுசன், வெள்ளை வேட்டி கேட்டாரு. அத வீட்டுல இருந்து எடுத்தாரத்தான் போறேன்.”